குழந்தைப் புற்றுநோயில் வளர்ச்சிக் காரணி மரபணுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தையின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பிச் சில வாரங்கள் கழித்து ஒரு ரிப்போர்ட் கைக்கு வரும். கட்டியின் பெயர் ஒரு வரியில் இருக்கும். அதற்குக் கீழே ஐ.ஜி.எஃப்.2, ஏ.எல்.கே., என்.டி.ஆர்.கே.3 என்று எழுத்தும் எண்ணுமாகச் சில பெயர்கள். இவற்றில் பல, குழந்தையை வளர்ப்பதற்கென்றே இருக்கும் மரபணுக்கள். வளர்க்க வேண்டியது ஏன் இப்படிச் செய்தது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எடுத்துக்கொண்டு, என்னால் முடிந்தவரை எளிமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன? சத்து மருந்து போன்றதா?

இல்லை. உடம்புக்குள் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சொல்லி அனுப்பும் சேதி அது. சின்னப் புரதம். 'இரண்டாகப் பிரி', 'பெரிதாகு', 'உனக்கு இன்னும் வேலை இருக்கிறது, செத்துவிடாதே' என்று சொல்லும். சேதியைக் கேட்பதற்கு அடுத்த செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்ற இன்னொரு புரதம் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1950களின் தொடக்கத்தில் ரீட்டா லெவி-மொன்டால்சினி எலியின் புற்றுக்கட்டித் துணுக்கைக் கோழிக் கருவில் ஒட்டி வைத்துப் பார்த்தார். கருவின் நரம்பு இழைகள் கட்டிக்குள் பாய்ந்து பாய்ந்து வளர்ந்தன. அப்புறம் ரியோ டி ஜெனீரோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில், கோழிக் கருவின் நரம்பு முடிச்சு ஒன்றைக் கண்ணாடித் தட்டில் எடுத்து, பக்கத்தில் அதே கட்டித் துணுக்கை வைத்தார். முடிச்சைச் சுற்றிச் சூரியனுக்குக் கதிர் வரைந்ததுபோல இழைகள் கிளம்பியிருந்தன. கட்டி ஏதோ ஒன்றைக் கசிய விடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. அவரோடு வேலை செய்த ஸ்டான்லி கோஹென் இன்னொன்றையும் பிடித்தார். அதை ஊசியில் ஏற்றிய எலிக்குட்டிகள் வழக்கத்துக்கு முன்பே கண் திறந்தன, பல்லும் சீக்கிரமே முளைத்தது. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பை வளர்க்கும் பொருளே ஒரு புற்றுக்கட்டியிலிருந்துதான் பிடிபட்டது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வளர்க்கும் மரபணு புற்றுநோயை எப்படி உண்டாக்குகிறது?

சேதி போகும் வழியை நினைத்துப் பாருங்கள். வெளியே வளர்ச்சிக் காரணி. செல்லின் மேலே ஏற்பி. உள்ளே ராஸ், பிராஃப் போன்ற புரதங்கள் சேதியைக் கைமாற்றிக் கைமாற்றி உட்கருவுக்குக் கொண்டுபோகும். உட்கருவில் என்-மிக் போன்றவை 'சரி, பிரியலாம்' என்று வேலையை ஆரம்பித்து வைக்கும். இந்த வழியில் எந்த இடம் கெட்டாலும் முடிவு ஒன்றுதான்: யாரும் கூப்பிடாமலே செல் பிரிந்துகொண்டே இருக்கும்.

இது வெறும் ஊகமாக இருந்த காலம் 1983இல் முடிந்தது. குரங்குகளில் சதைப்புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸின் புற்று மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, நம் ரத்தத் தட்டணுக்கள் காயத்தை ஆற்ற வெளியிடும் வளர்ச்சிக் காரணியின் மரபணுவோடு அது கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. வைரஸ் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. உடம்பின் சொந்தச் சேதியைத் திருடி, ஓயாமல் ஒலிக்க விட்டிருந்தது.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயும் இதே மாதிரிதானே?

அடிப்படை ஒன்று, வரும் பாதை வேறு. பெரியவர்களின் செல்களில் புகை, வெயில், வயது எல்லாம் சேர்ந்து மரபணுப் பிழைகளை ஆண்டுக்கணக்கில் குவிக்கும். குழந்தையின் கட்டியில் பிழைகள் மிகக் குறைவு. 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பெரியவர்களின் கட்டிகளைவிடக் குழந்தைகளின் கட்டிகளில் சராசரியாக 14 மடங்கு குறைவு என்று காட்டியது. ஒன்றிரண்டு பிழைகளே போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அவை விழும் நேரமும் இடமும். உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் விழுகின்றன.

சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பாதி சுருண்டு நின்றுவிட்ட குழாய்கள், வடிகட்டியாக ஆகப் பார்த்து ஆகாமல் போன உருண்டைகள், சுற்றிலும் நீலச் சாயம் ஏறிய பச்சிளம் செல்கள். சிறுநீரகம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் வேலை முடியாமலே ஆட்கள் மட்டும் பெருகியதுபோல் இருக்கும். கருவில் சுமார் 36 வாரத்துக்குள் புதிய வடிகட்டிகள் உருவாவது நின்றுவிட வேண்டும். அந்தக் கட்டளை சில செல்களுக்கு எட்டவில்லை.

ஐ.ஜி.எஃப்.2 என்ற பெயர் ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

கருவில் குழந்தையை வளர்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகளில் இரண்டாவது. 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனிப் பக்கம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் 11பி15 என்று வந்தால் இந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள்.

பொதுவாக ஒரு மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். இரண்டும் வேலை செய்யும். ஐ.ஜி.எஃப்.2 அப்படி இல்லை. அப்பா வழிப் பிரதி மட்டும் பேசும், அம்மா வழிப் பிரதி வாய் மூடி இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் எச்19 என்ற மரபணுவுக்கு இது நேர் எதிர். இரண்டுக்கும் நடுவில் உள்ள டிஎன்ஏ துண்டுதான் காவல். அம்மா வழிப் பிரதியில் அந்தத் துண்டின் மேல் ஒரு புரதம் உட்கார்ந்து ஐ.ஜி.எஃப்.2க்குப் போகும் வழியை அடைத்துவிடும். அப்பா வழிப் பிரதியில் அந்தத் துண்டு முழுக்க மெத்தில் என்ற வேதியியல் முத்திரை குத்தியிருக்கும். புரதத்தால் அங்கே உட்கார முடியாது.

சரி, அந்த முத்திரை தவறிப்போய் அம்மா வழிப் பிரதியிலும் விழுந்துவிட்டால்? இரண்டு பிரதியும் பேசும். ஐ.ஜி.எஃப்.2 இரு மடங்காகும். அம்மா வழித் துண்டு போய் அப்பா வழித் துண்டே இரண்டு இருந்தாலும் இதே நிலைதான். இங்கே மரபணுவின் எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை. அளவு மட்டும்தான் தப்பு. வில்ம்ஸ் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தக் கோளாறு இருக்கிறது. ஈரலில் வரும் ஹெபடோபிளாஸ்டோமாவிலும், தசையில் வரும் ராப்டோமயோசர்கோமாவின் ஒரு வகையிலும் இதே 11பி15தான் கெட்டிருக்கும்.

பெக்வித்-வீடமன் சிண்ட்ரோம் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. 1963, 1964 ஆண்டுகளில் பெக்வித், வீடமன் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்தது. 11பி15இல் முத்திரை கலைந்த செல்கள் உடம்பின் பல இடங்களில் இருக்கும். குழந்தை எடை கூடிப் பிறக்கலாம். நாக்கு பெரிதாக இருந்து வாய் மூடாமல் போகலாம். பிறந்தவுடன் ரத்தச் சர்க்கரை இறங்கலாம். சில குழந்தைகளுக்கு உடம்பின் ஒரு பாதி மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கும். செருப்பு வாங்கப் போனால் ஒரு கால் மற்றதைவிட ஓர் அளவு கூட என்று தெரியும். கருவின் ஆரம்பத்தில் ஒரே ஒரு செல்லில் நடந்த மாற்றம், அதன் வாரிசுச் செல்கள் போன பக்கமெல்லாம் போயிருக்கிறது.

இவர்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவர்களுக்கே கட்டி வருகிறது. மாற்றத்தின் வகையைப் பொறுத்து ஆபத்து கூடவும் குறையவும் செய்யும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஏழு வயதுவரை. முதல் சில ஆண்டுகள் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் சேரும். 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள், எதற்கு அலைவது?' என்று சிலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். மூன்று மாத இடைவெளி என்பது இந்தக் கட்டிகள் வளரும் வேகத்தை வைத்து முடிவு செய்தது. சிறிதாக இருக்கும்போது பிடித்த கட்டிக்குச் சிகிச்சையும் இலகுவாகும், சிறுநீரகத்தின் நல்ல பகுதியையும் காப்பாற்ற முடியும்.

நியூரோபிளாஸ்டோமா சில குழந்தைகளுக்குத் தானாகவே மறைகிறது என்பது உண்மையா?

உண்மை. எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது. நரம்பாக மாற வேண்டிய கருச் செல்களில், பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியில், தொடங்கும் புற்றுநோய் இது. ஒரு வயதுக்குள் இருக்கும் சில குழந்தைகளுக்கு ஈரல், தோல்வரை பரவியிருந்தும் மருந்தே இல்லாமல் கரைந்து போகும். அதே பெயருள்ள நோய் மூன்று வயதுக் குழந்தையைக் கடுமையான சிகிச்சைக்குப் பிறகும் விடாது.

வித்தியாசத்தின் ஒரு பகுதி ஏற்பிகளில் இருக்கிறது. நல்ல விதமாக முடியும் கட்டிகளில் டிரக்-ஏ என்ற ஏற்பி நிறைய இருக்கும். லெவி-மொன்டால்சினி கண்டுபிடித்த அந்த நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கேட்கும் காது இதுதான். சேதி கிடைத்தால் செல் முதிர்ந்து நரம்பாகும், கிடைக்காவிட்டால் செத்துப்போகும். இரண்டுமே குழந்தைக்கு நல்லதுதான். கொடிய வகைக் கட்டிகளில் டிரக்-பி என்ற ஏற்பி இருக்கும். அதற்கு வேண்டிய வளர்ச்சிக் காரணியைக் கட்டியே தயாரித்துக்கொள்ளும். தானே பேசி, தானே கேட்டு, தானே பெருகும்.

ரிப்போர்ட்டில் எம்.ஒய்.சி.என். என்று இருக்கும், டாக்டர்கள் என்-மிக் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். சுமார் ஐந்தில் ஒரு நியூரோபிளாஸ்டோமாவில் இதன் பிரதிகள் இரண்டுக்குப் பதில் பத்து, ஐம்பது, நூறு என்று பெருகியிருக்கும். அப்படி இருந்தால் சிகிச்சை தொடக்கத்திலிருந்தே தீவிரமாக இருக்கும். ஏ.எல்.கே. என்ற ஏற்பியின் மாற்றம் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் இருக்கிறது. அது தெரிந்தால், அதையே குறிவைத்து அடைக்கும் மாத்திரைகள் உண்டு.

ஜப்பானில் 1985இலிருந்து ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீரில் இந்த நோயைத் தேடினார்கள். நிறையக் கட்டிகள் அகப்பட்டன, ஆனால் அதனால் சாவு குறைந்ததா என்பது தெளிவாகவில்லை. அகப்பட்டவற்றில் பல, விட்டிருந்தால் தானே மறைந்திருக்கக் கூடியவை. 2004இல் திட்டத்தை நிறுத்தினார்கள். சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்போதும் நல்லது என்று நாம் நம்புவது, எந்த மரபணு பேசுகிறது என்று தெரியாதபோது இப்படியும் தவறிவிடும்.

வேகமாக உயரம் போடுவதால் எலும்புப் புற்றுநோய் வருமா?

ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் பருவ வயதில், உயரம் கூடும் ஆண்டுகளில், முழங்காலைச் சுற்றி வருகிறது. எலும்பு அதிகம் நீளும் இடம் அதுதான். பெரிய ஜாதி நாய்களுக்கும் இந்த நோய் அதிகம். வளர்ச்சிச் சேதிகள் பலமாக இருக்கும்போது செல் அதிகம் பிரிகிறது, பிழைக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது வரை சொல்லலாம். ஆனால் உயரமாக வளரும் பிள்ளைகளில் மிக மிகச் சிலருக்கே இது வருகிறது. உங்கள் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

மறுபக்கம் ஒன்று: லாரன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பி வேலை செய்யாது, ஐ.ஜி.எஃப்.1 மிகக் குறைவு, உயரமும் குறைவு. ஈக்வடாரில் இவர்கள் சுமார் 100 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு: ஒரே ஒருவருக்குத்தான் புற்றுநோய் வந்திருந்தது.

நாங்கள் செய்த தவறா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

உங்கள் தவறு இல்லை. கர்ப்பத்தில் குனிந்ததோ, கவலைப்பட்டதோ, ஏதோ ஒரு மாத்திரையை மறந்ததோ 11பி15இன் முத்திரையைக் கலைக்கவில்லை, என்-மிக்கைப் பெருக்கவில்லை. இவை பெரும்பாலும் செல் பிரியும்போது தற்செயலாக நடப்பவை.

பரம்பரை என்ற கேள்வி வேறு. 2015இல் 1,120 குழந்தைகளைச் சோதித்த ஆய்வில் 8.5 சதவீதத்தினருக்கு, புற்றுநோய்க்கு வழிசெய்யும் மரபணு மாற்றம் பிறவியிலேயே உடம்பின் எல்லாச் செல்களிலும் இருந்தது. அப்படிப்பட்ட மாற்றம் அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்து வந்திருக்கலாம், குழந்தையிடம் புதிதாகவும் தோன்றியிருக்கலாம். ஆகவே ரிப்போர்ட்டில் ஒரு மாற்றத்தைக் கண்டால் டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: 'இது கட்டியில் மட்டும் இருக்கிறதா, ரத்தத்திலும் இருக்கிறதா?' கட்டியில் மட்டும் என்றால் உடன்பிறந்தவர்களுக்குச் சோதனை தேவைப்படாது. ரத்தத்திலும் என்றால் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

கீமோ கொடுத்த பிறகு வளர்ச்சிக் காரணி ஊசி போடுகிறார்களே, அது கட்டியை வளர்க்காதா?

மிக நியாயமான பயம். பெயரைக் கேட்டால் யாருக்கும் வரும். ஜி.சி.எஸ்.எஃப். ஊசி வேறொரு சேதி. எலும்பு மஜ்ஜையில் உள்ள, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை உண்டாக்கும் செல்களுக்குத்தான் அது முக்கியமாகக் கேட்கும். கீமோவால் அந்த அணுக்கள் குறைந்து கிருமித்தொற்று உயிருக்கே ஆபத்தாகும் நாட்களைச் சுருக்கத்தான் போடுகிறார்கள். கீமோ முடிந்து குறைந்தது ஒரு நாள் கழித்துத்தான் தொடங்குவார்கள். இடுப்பு, முதுகு எலும்பு வலித்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று பெரும்பாலும் பொருள், ஆனாலும் வலியை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில வகை ரத்தப் புற்றுநோய்களில் மட்டும் இதை யோசித்துத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் அங்கே கெட்டுப்போனதே மஜ்ஜைச் செல்.

நியூரோபிளாஸ்டோமாவில் இதன் உறவுக்காரக் காரணி ஒன்றை, ஜி.எம்.சி.எஸ்.எஃப்.ஐ, டினுடக்சிமாப் மருந்தோடு சேர்த்தே கொடுப்பார்கள். அது தட்டி எழுப்பும் வெள்ளணுக்கள்தான் அந்த மருந்து ஒட்டிய புற்றுச் செல்களைக் கொல்கின்றன.

இந்த மரபணுக்களைக் குறிவைக்கும் மருந்துகள் எவ்வளவு பலன் தருகின்றன?

சில இடங்களில் கண்ணால் நம்ப முடியாத பலன். கைக்குழந்தைகளின் கை கால்களில் வரும் ஃபைப்ரோசர்கோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம், 15ஆம் குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொள்வதால் என்.டி.ஆர்.கே.3 என்ற ஏற்பி இன்னொரு மரபணுவோடு இணைந்து, சேதி இல்லாமலே எரிந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் கீமோ கைகொடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிய நிலை வரும். லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து அந்த ஏற்பியை அடைக்கிறது. முதலில் சோதித்த 55 பேரில் ஆகச் சிறியவருக்கு 4 மாதம், ஆகப் பெரியவருக்கு 76 வயது; நாலில் மூன்று பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தபோது உடம்பில் எந்த இடத்துக் கட்டி என்று பார்க்கவில்லை. இந்த ஒட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. குழந்தைக்கு எளிதாகக் கொடுக்கத் திரவ மருந்தாகவும் வருகிறது.

மூளையில் மெதுவாக வளரும் கட்டிகளில் பிராஃப் மரபணு இரண்டு விதமாகக் கெடும். ஓர் எழுத்து மாறும் வி600ஈ வகைக்கு டாப்ரஃபெனிப், டிராமெடினிப் என்ற ஜோடி மருந்து 2023இல் குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது. இன்னொன்று, பிராஃப் வேறு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் வகை. இதற்கு டாப்ரஃபெனிப் போன்ற பழைய பிராஃப் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கட்டி வேகமாக வளரவும் கூடும். 'பிராஃப் இருக்கிறது' என்ற ஒற்றை வரியோடு திருப்திப்படாதீர்கள், எந்த வகை என்று கேளுங்கள்.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏன் இதையே கொடுப்பதில்லை?

ஒரு சேதியை அடைத்தால் கட்டி வேறு சேதியைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் எலும்பில் வரும் யூயிங் சர்கோமா ஐ.ஜி.எஃப்.1 ஏற்பியை நம்பி வளர்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதை அடைக்கும் மருந்துகளுக்குப் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கட்டி சுருங்கியது, அதுவும் பெரும்பாலும் நிலைக்கவில்லை. பரவிய நோய்க்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனையிலும் முன்னேற்றம் இல்லை. என்-மிக்கை நேரடியாகப் பிடிக்கும் மருந்து இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

அதைவிடக் கடினமான காரணம், இந்தச் சேதிகள் குழந்தைக்கும் வேண்டும் என்பது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் ஹெட்ஜ்ஹாக் என்ற வளர்ச்சிச் சேதியை அடைக்க விஸ்மோடெகிப் கொடுத்த சில சிறு குழந்தைகளுக்கு, எலும்பின் வளர்தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடி, உயரம் அங்கேயே நின்றுவிட்டது. என்.டி.ஆர்.கே. மருந்துகளில் எடை கூடலாம், நிறுத்தும்போது சிலருக்கு வலி வரலாம். அந்த ஏற்பிகள் பசியிலும் வலியிலும் பங்குள்ளவை. ஆகவே இந்த மருந்து எடுக்கும் குழந்தையின் உயரத்தையும் எடையையும் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு முன் நாங்கள் எதைக் கேட்டு வைக்க வேண்டும்?

பயாப்ஸி எடுக்கும் முன்பே கேளுங்கள்: மரபணுச் சோதனைக்கும் போதுமான துணுக்கு எடுப்பார்களா, மிச்சத்தைப் பத்திரப்படுத்துவார்களா? பிற்பாடு நோய் திரும்பினால் அந்தத் துணுக்கு மிகவும் பயன்படும். என்.டி.ஆர்.கே. போன்ற ஒட்டு மரபணுக்களை டிஎன்ஏ சோதனை தவறவிடலாம், ஆர்என்ஏ சோதனை நன்றாகப் பிடிக்கும். எது செய்கிறார்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சிகிச்சை முடிந்து பிள்ளை உயரம் போடவில்லை. வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கலாமா?

தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்த குழந்தைகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பி சோர்ந்து இது நடக்கும். நோய் இருக்கும்போது கொடுக்கக் கூடாது. சிகிச்சை முடிந்து, நோயின் தடயம் இல்லாமல் வழக்கமாக ஓர் ஆண்டாவது கழிந்த பிறகு, புற்றுநோய் மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அப்படிக் கொடுத்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில் அதே நோய் திரும்புவது கூடியதாகத் தெரியவில்லை. கொடுக்கும் காலம் முழுவதும் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்.1 அளவைப் பார்த்து, வயதுக்குரிய எல்லைக்குள் வைத்திருப்பார்கள்.